சுண்டுவின் சுத்தமான கைகள்

அரிசி நீலமாகிவிட்டது. அதில் கோளாறு ஒன்றுமில்லை. மருந்துக்கடைக்காரரின் கைகளும் முழங்கை வரை நீலமாகிவிட்டதுதான் கோளாறு.

கேக்கில் போடுகிற சாயம்தான், கழுவினால் போய்விடும் என்று நினைத்தார். தேய்த்தார். கை வெளுக்கவில்லை, சோப்பு நீலமானது. துண்டில் துடைத்தார். துண்டும் கட்சி மாறியது.

கூடத்தில், தட்டு நிறையப் பரப்பிய நீல அரிசிக்கு எதிரே அவர் மகள் சுண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னும் இரண்டு வயது நிறையவில்லை. கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சோதனைக்கு வந்த மேலதிகாரி மாதிரி அரிசியைப் பார்த்தாள்.

சுண்டுவுக்குக் கையில் எதுவும் ஒட்டக் கூடாது. ஈரம், மண், மாவு எது பட்டாலும் விரல்களை விரித்து நீட்டிக்கொண்டு ஊரைக் கூட்டுவாள். குழந்தை மருத்துவர், "பயப்பட ஒண்ணுமில்ல. எதுக்கும் குழந்தைங்களத் தொட்டு விளையாடப் பழக்குற ஒரு பயிற்சியாளர் வீட்டுக்கு வந்து பாக்கட்டும்" என்றிருந்தார். அந்த 'எதுக்கும்' என்ற ஒரு சொல் போதும், கணவன் மனைவி இருவரின் தூக்கத்தையும் கெடுக்க.

இன்று காலை பயிற்சியாளர் அம்மா வருகிறார். அதற்குள் சுண்டுவின் கையை எதிலாவது விடவைத்துவிட வேண்டும், அதற்குத்தான் இந்த நீல அரிசி. மனைவிக்குத் தபால் அலுவலகத்தில் லீவு கிடைக்கவில்லை. போன் மட்டும் ஓயாமல் வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, கைய உள்ள விட்டாளா?"

"ரெண்டு விரலால ஒரே ஒரு அரிசிய எடுத்தா."

"அப்புறம்?"

"என் சட்டைப் பையில போட்டுட்டா."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "சரி, தண்ணி வைங்க. தண்ணிக்கு மயங்காத குழந்தை உண்டா? கலர் மட்டும் பளிச்சுனு இருக்கணும்."

கடையில் சொட்டு சொட்டாக அளந்து கொடுப்பவர், வீட்டில் பாட்டிலையே கவிழ்த்தார். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் கருநீலமாகத் தளும்பியது. சுண்டு எட்டிப் பார்த்தாள். தன் முகம் தெரிந்ததும் தலையை ஆட்டிவிட்டு விலகிப் போனாள்.

வெளிச்சம் பட்டால் அழகாக இருக்குமே என்று தொட்டியை ஜன்னல் பக்கம் இழுத்தார். தொட்டி வந்தது. தண்ணீரில் பாதி வரவில்லை, தரையோடு தங்கிவிட்டது. கால் மணி நேரம் துடைத்தும் தீராததால், அதை ஒற்றி எடுக்கப் படுக்கை விரிப்பைப் போட்டார். விரிப்பை மிதித்தார். வழுக்கினார். பிடிமானத்துக்குக் கை நீட்டியதில் அரிசித் தட்டு கிடைத்தது. கூடம் முழுவதும் நீல மழை.

அவர் எழுந்திருப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் தோளில் வெள்ளைச் சால்வையோடு ஓர் அம்மா நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

"இந்த வீடு உங்களுதுதானே?"

"வாங்க மேடம், வாங்க! உங்களைத்தான் எதிர்பாத்துட்டு இருக்கோம்."

அந்த அம்மாவின் புருவம் உயர்ந்தது. "நான் வருவேன்னு தெரியுமா?"

"தெரியுமே! அதுக்குத்தானே காலையிலேர்ந்து இத்தனையும் பண்ணியிருக்கேன்."

அந்த அம்மா கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். "இதெல்லாம் நீங்களே, வேணும்னே பண்ணினதா?"

"எல்லாம் குழந்தைக்காகத்தான் மேடம். இனிமே தினமும் பண்ணலாம்னு இருக்கோம்."

"தினமுமா!"

அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பயிற்சியாளருக்கு இது போதவில்லை போலிருக்கிறது என்று மருந்துக்கடைக்காரர் சமையலறைக்கு ஓடி மாவு டப்பாவோடு வந்தார்.

"மாவும் இருக்கு மேடம்! இதோ!"

மாவைக் கொட்டிப் பச்சைச் சாயமும் தண்ணீரும் ஊற்றிப் பிசைந்தார். நீர்த்துப் போனது. மாவு சேர்த்தார். இறுகியது. தண்ணீர் சேர்த்தார். கடைசியில் பாத்திரம் கொள்ளாமல் பொங்கிய மாவுக்குள் அவருடைய இரண்டு கைகளும் மாட்டிக்கொண்டன. மூக்கு அரித்தது. ஒரு கையைப் பிடுங்கிச் சொறிந்தார். மூக்கும் பச்சையானது.

"ஒரு நிமிஷம் நான் சொல்றதைக் கேளுங்க..." என்று அந்த அம்மா எழுந்து, தொட்டிக்கு மேலாக அவர் பக்கம் குனிந்தார்.

"சொல்லுங்க மேடம், எதுவா இருந்தாலும் தாங்கிக்கிறேன். எம்பொண்ணுக்கு ஏதாவது குறை இருக்கா?" மாவோடு கைகளைக் கூப்பினார். "இருந்தாலும் பரவால்ல. மறைக்காம சொல்லிடுங்க."

சொல்ல வந்ததை அந்த அம்மா விழுங்கிக்கொண்டார். பச்சை மூக்கோடு கண் கலங்கி நிற்பவரை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்தார். அதற்குள் அவருடைய சால்வை தோளிலிருந்து நழுவித் தொட்டிக்குள் விழுந்தது.

"ஐயோ, என் வெள்ளைச் சால்வை!"

சுண்டு ஓடி வந்தாள். ஒரு சுத்தமான பொருள் அழுக்காவதை அவளால் பொறுக்க முடியவில்லை. இரண்டு கைகளையும் தோள் வரை தண்ணீருக்குள் விட்டு, சால்வையை இழுத்து வெளியே போட்டாள்.

பிறகுதான் தன் கைகளைப் பார்த்தாள். சொட்டச் சொட்ட நீலம்.

சுண்டுவின் உதடு பிதுங்கியது. அப்பாவின் முழங்கையைப் பார்த்தாள், நீலம். மூக்கைப் பார்த்தாள், பச்சை. உதடு மெல்ல உள்ளே போனது. உள்ளங்கையை ஓங்கி அப்பாவின் கன்னத்தில் 'பளார்' என்று பதித்தாள். பதிந்ததைப் பார்த்து, வீடு அதிரச் சிரித்தாள்.

அடுத்த அறை அந்த அம்மாவுக்கு.

அதற்குப் பிறகு யாரும் யாரையும் தடுக்கவில்லை. சுண்டு தொட்டிக்குள்ளேயே இறங்கிவிட்டாள். அந்த அம்மாவும் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து, நீல அரிசியை அள்ளி அவள் தலையில் தூவினார்.

"மேடம்," என்று தயங்கினார் மருந்துக்கடைக்காரர், "இவளுக்கு..."

"இவளுக்கு என்ன? ஜோரா இருக்கா! இந்தக் கைக்கா குறை? என் கன்னத்தைக் கேளுங்க."

போன் அடித்தது. மருந்துக்கடைக்காரர் பச்சை விரலால் ஸ்பீக்கரைத் தட்டினார்.

"ஜெயிச்சுட்டோம்! மேடமே சொல்லிட்டாங்க, ஒரு குறையும் இல்லையாம்!"

"எந்த மேடம்?" என்றாள் மனைவி. "அந்தப் பயிற்சியாளர் இப்பதான் கூப்பிட்டாங்க. இன்னைக்கு வர முடியலயாம், நாளைக்குத்தான் வராங்களாம்."

மருந்துக்கடைக்காரர் மெதுவாகத் திரும்பினார்.

"அப்ப... நீங்க?"

"நேத்துதான் உங்க கீழ் வீட்டுக்குக் குடிவந்தேன், கட்டில் மேல நீலமாச் சொட்டுதேன்னு சண்டை போட வந்தேன், அது கிடக்கட்டும், அந்தப் பச்சை மாவைக் கொஞ்சம் இப்படித் தள்ளுங்க" என்றார் அந்த அம்மா.