நாற்பத்தைந்து நொடி

பால் பொங்கி அடுப்பை அணைத்தபோது நொடிக்காரர் கையில் ஸ்டாப்வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது.

ஏற்றுமதிச் சட்டைக் கம்பெனியில் அதுதான் அவருக்குப் பிழைப்பு. மெஷினில் குனிந்திருக்கும் பெண்களின் பின்னால் போய் நின்று, ஒரு காலர் தைக்க எத்தனை நொடி ஆகிறது என்று பிடித்து எழுத வேண்டும். அவருக்கென்று ஒரு பெயர் உண்டு. சம்பளச் சீட்டைத் தவிர வேறெதுவும் அதைச் சொல்வதில்லை.

மனைவி வழுக்கி விழுந்து வலது கையில் மாவுக்கட்டு. மூன்று வாரம் அசைக்கக் கூடாது. வீட்டு வேலைதானே, முறையாகச் செய்தால் காலையில் ஒரு மணி நேரம்கூட ஆகாது என்று முந்தின நாள் அவர் சொன்னார். அவள் மறுக்கவில்லை. "செய்ங்களேன்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், டிக்கெட் வாங்கியவள் மாதிரி.

பால் காயும் நேரத்தில் குடத்தில் தண்ணீர், தண்ணீர் நிறையும் நேரத்தில் மகளுக்குத் தலை பின்னல். தாளில் எழுதியபோது அழகாகத்தான் இருந்தது. பின்னல் மூன்றாம் தடவை அவிழ்ந்தபோது குடம் வழிந்தது. குழாயை மூட ஓடியபோது பால் பொங்கியது. கைக்கு அகப்பட்ட துணியால் துடைத்தார். அது மகளின் பள்ளிக்கூடச் சட்டை. அலசிப் பிழிந்து, ஈரம் போக இஸ்திரிப் பெட்டியை வைத்தார். அந்த நேரம் பார்த்துத் தெருவில் குப்பை வண்டி மணி அடித்தது. கொட்டிவிட்டு வந்து பார்த்தால், சட்டையின் முதுகில் இஸ்திரிப் பெட்டி கைநாட்டு வைத்திருந்தது.

"பின்னலைத் தொங்கவிட்டு மறைச்சுக்கலாம்ப்பா" என்றாள் மகள்.

"அதுக்கு முதல்ல பின்னல் வேணுமேடி" என்றாள் அம்மா.

மூன்று மணி நேரம் பத்து நிமிடம் ஓடிவிட்டது. இன்னும் வீடு கூட்டவில்லை. வாட்சு பழுதோ என்று குலுக்கிப் பார்த்தார்.

"அது நல்லாத்தான் ஓடுது. நீங்கதான் என் பின்னாடி ஒரு நாளும் வந்து நின்னதில்லை."

அவளும் ஒரு காலத்தில் அதே கம்பெனியில் காலர் தைக்கும் லைனில் இருந்தவள்தான். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டாள். அதன்பிறகு யாராவது விசாரித்தால், "வீட்டுல சும்மாதான் இருக்கா" என்று அவர் சொல்லிவந்தார்.

கம்பெனிக்குத் தாமதமாகப் போனார். மேனேஜர் காத்திருந்தார். கடல் தாண்டி இருக்கும் பெரிய கடைக்காரர்கள், காலருக்கு நாற்பத்தைந்து நொடி கட்டுப்படியாகாது, நாற்பதில் முடி, இல்லாவிட்டால் ஆர்டர் வேறு நாட்டுக்குப் போகும் என்று எழுதியிருந்தார்களாம். நாற்பது என்றால் லைனில் பன்னிரண்டு பேர் எதற்கு, பத்துப் பேர் போதும். வேலை போய் வீட்டுக்குப் போகப்போகிற இரண்டு பேர் யார் என்பதை நொடிக்காரரின் தாளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்.

நொடிக்காரர் வாட்சோடு போய் நின்றார். இத்தனை வருஷமும் அவர் ஊசியை மட்டும்தான் பார்த்திருந்தார். அன்றைக்குக் கை தெரிந்தது. ஒருத்தி ஒவ்வொரு காலருக்கும் மணிக்கட்டை உதறிக்கொண்டாள். இன்னொருத்தியின் தண்ணீர் பாட்டில் மூடி திறக்காமலே இருந்தது. பன்னிரண்டு பேரும் மூன்று மணி பத்து நிமிட வேலையை வீட்டில் முடித்துவிட்டு வந்தவர்கள். வாட்சு நாற்பத்தைந்து காட்டியது. பேனா நாற்பத்தெட்டு எழுதியது.

"குறைச்சிட்டு வான்னா கூட்டிட்டு வர்றியே" என்றார் மேனேஜர்.

நூல் சரியில்லை, அறுந்துகொண்டே இருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார். மறுநாளே உயர்ந்த ரக நூல் வந்து இறங்கியது. மறுபடியும் நாற்பத்தெட்டு. முதுகுக்குச் சாய்மானம் இல்லை என்றார். முக்காலிகள் போய் நாற்காலிகள் வந்தன. அதற்கு அடுத்த நாள் வெக்கை என்றார். தலைக்கு மேல் நான்கு மின்விசிறி சுழன்றது. பத்து வருஷம் மனு கொடுத்தும் கிடைக்காத சௌகரியம் மூன்றே நாளில் கிடைத்ததில் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். புது விசிறிக்கு அடியில் வியர்த்தது நொடிக்காரர் ஒருவருக்குத்தான். பொய்க்கும் கையிருப்பு தீர்ந்துவிட்டது.

ஐந்தாம் நாள் மேனேஜர் சொந்தமாக ஒரு வாட்சு வாங்கி வந்தார்.

"இன்னைக்கு நான் பிடிக்கிறேன். நாப்பது வந்துச்சுன்னா ரெண்டு பேர் இல்லை, உன்னையும் சேர்த்து மூணு பேர்."

நல்ல நூல், நல்ல நாற்காலி, நல்ல காற்று. நாற்பது என்ன, அதற்குக் கீழேயே வரும். சொந்த வாயால் குழி தோண்டி, பெண்களையும் அதில் இறக்கிவிட்டோமே என்று நொடிக்காரர் தன்னையே திட்டிக்கொண்டார். ஜாடை காட்ட முடியவில்லை. இருமினார். மேனேஜர் முறைத்தார்.

முதல் பெண் நாற்பத்தைந்து. இரண்டாவதும் அதே. மூன்றாவது நாற்பத்தாறு. பன்னிரண்டாவது நாற்பத்தைந்து. மேனேஜர் வாட்சைக் குலுக்கினார். இரண்டு சுற்று திரும்பப் பிடித்துப் பார்த்துவிட்டு, மனிதக் கையால் முடிந்தது இவ்வளவுதான் என்று கடல் தாண்டி இருப்பவர்களுக்கு எழுதிவிட்டார். கப்பல் தேதி நெருங்கியிருந்ததால் அவர்களும் சரி என்றார்கள். ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை.

சாயங்காலம் கேட்டருகே, லைனில் மூத்தவளைத் தனியாக நிறுத்தி நொடிக்காரர் எல்லாவற்றையும் கொட்டினார். மூன்று நொடி கூட்டி எழுதியது, நூல், நாற்காலி, காற்று என்று புளுகியது, எல்லாம்.

"தப்போ சரியோ, உங்க கையைப் பார்த்தேன், மனசு கேக்கலை. இன்னைக்கு எப்படித் தப்பிச்சோம்னுதான் எனக்கு இன்னும் புரியலைக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது.

வீட்டில் பால் பொங்கிய கதை அவள் காதுக்கு ஏற்கெனவே எட்டியிருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பேசினாள்.

"தம்பி, அது முப்பது நொடி வேலை. வாட்சு வந்து நின்னா நாப்பத்தஞ்சு ஆக்கணும்னு எங்க எல்லாருக்கும் பழக்கிவிட்டதே உங்க வீட்டுக்காரிதான்."