அரிசி டின்னுக்குள் கதிர்வீச்சு

பாடம் நடத்துகிறவன் அந்தப் பாடத்தை நம்பியே ஆக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. திண்டிவனத்தில் ஒரு தனியார் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுப்பவன் நான். மின்காந்த அலைகளைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட நான்தான், பெண் வீட்டார் எங்கள் வீட்டைப் பார்க்க வந்த அன்று, வீட்டிலிருந்த செல்போன்களையெல்லாம் அரிசி டின்னுக்குள் புதைத்து வைத்தேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் எங்கள் மொட்டை மாடியில் நிற்கும் செல்போன் டவர். ஓய்வு பெற்ற பிறகு வாடகை வரட்டுமே என்று அப்பா இடம் கொடுத்தார். வாடகை வந்தது, கூடவே 'டவர் வீடு' என்ற பெயரும் வந்தது. எனக்குப் பெண் பார்க்கத் தொடங்கியபோதுதான் அதன் முழு உயரம் எங்களுக்குத் தெரிந்தது. ஜாதகம் பொருந்தி, போட்டோவும் பிடித்து, வீடு பார்க்க வந்த இரண்டு குடும்பங்கள் வாசலில் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, காபியோடு எழுந்து போய்விட்டன. "நாளைக்கு புள்ளகுட்டி பொறக்கற வீடு பாருங்க" என்று ஒரு பெரியவர் காரணத்தையும் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போதே முப்பது தாண்டியிருந்தது. (தலைமுடி ஏன் அவ்வளவு கொட்டியிருந்தது என்று கேட்காதீர்கள். அதற்கும் டவரைத்தான் கை காட்டிக்கொண்டிருந்தேன்.)

மூன்றாவதாக அமைந்தது வளவனூர் சரண்யா. பெரியவர்கள் பேசி முடிப்பதற்குள் நாங்கள் இருவரும் தினமும் போனில் பேச ஆரம்பித்திருந்தோம். அது இரண்டு வீட்டுக்கும் தெரியாது என்பது எங்கள் நினைப்பு. இந்தப் பெண்ணும் டவரைப் பார்த்துக் கைவிட்டுப் போனால் நான் தாங்க மாட்டேன் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது.

வீடு பார்க்க வருவதற்கு முதல் நாள் சரண்யா ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். அப்பா இல்லாத அந்த வீட்டில் ஏழுமலை சித்தப்பா சொல்வதுதான் முடிவு. அவர் ஆன்லைனில் கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் ஒன்றை வாங்கியிருக்கிறாராம். "எங்க வீட்டையே ரூம் ரூமா அளந்துக்கினு இருக்காரு. நாளைக்கு அங்கயும் எடுத்துக்கினு வர்றாரு" என்றாள்.

உடனே உட்கார்ந்து, வீடுகளில் ரேடியோ அலை எவ்வளவு இருக்கலாம் என்ற வழிகாட்டு நெறிகளைத் தேடிப் படித்தேன். தீங்கு வரக்கூடிய அளவுக்கு வெகு கீழேதான் வரம்பை வைத்திருக்கிறார்கள். டவரின் அலை கலங்கரை விளக்கத்தின் ஒளி போலப் பக்கவாட்டில் போகிறது, நேர் கீழே பெரும்பாலும் குறைவு. தள்ளித் தள்ளிப் போக அலை குறைந்துவிடும். ஆகையால் தூரத்து டவரைவிடக் காதோடு ஒட்டிய போன்தான் நமக்கு அதிகம் தருகிறது, அதுவும் சிக்னல் கிடைக்காத இடத்தில் போன் தம் கட்டி வேலை செய்யும். எல்லாம் எனக்குத் தெரிந்த பாடம்தான். படித்துத் தெளிந்து, நிம்மதியாகப் படுத்து, காலையில் எழுந்ததும் பயந்துவிட்டேன்.

வைஃபை பெட்டியைப் பிடுங்கிப் பரணில் போட்டேன். மிச்சமிருந்தவை போன்கள். உலோகப் பெட்டிக்குள் இருக்கும் அலை வெளியே வராது என்று வருடா வருடம் போர்டில் எழுதிப்போடுகிறவன் அல்லவா, சமையலறையில் இருந்த பெரிய தகர அரிசி டின் கண்ணில் பட்டது. அப்பா போன், அம்மா போன், என் போன் மூன்றையும் அரிசிக்குள் அமுக்கி மூடியைப் போட்டேன். போனை அணைத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவியும் அதைத்தான் இன்றுவரை கேட்கிறாள்.

சித்தப்பாவும் சரண்யாவின் அம்மாவும் வந்தார்கள். எங்கள் அம்மா வடை பாயசத்தோடு சமைத்து வைத்துக் காத்திருந்தார். எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பிடித்தால்தான் பெண் வீட்டார் கை நனைப்பார்கள். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சம்மதம், காபியோடு எழுந்தால் கும்பிடு. முன்பு இரண்டு முறையும் ஆறிப்போன சாப்பாட்டை நாங்கள் மூவரும்தான் தின்றிருக்கிறோம்.

சித்தப்பா காபியைத் தொடவே இல்லை. சட்டைப் பையிலிருந்து மீட்டரை எடுத்துக்கொண்டு நேராக மாடிக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். டவரின் காலடியில் நின்று நீட்டினார், பச்சை விளக்கு எரிந்தது. தட்டிப் பார்த்தார், அப்போதும் பச்சைதான். கூடத்திலும் படுக்கையறையிலும் அதே பச்சை. அவருக்கு ஏமாற்றமாகக்கூட இருந்தது போலிருக்கிறது. நான் மனதுக்குள் கல்யாணப் பத்திரிகைக்கு மாதிரி பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

சமையலறைக்குள் நுழைந்ததும் மீட்டர் அலறியது. அடுப்பைக் காட்டினார், குறைந்தது. ஃப்ரிட்ஜைக் காட்டினார், இன்னும் குறைந்தது. அரிசி டின் பக்கம் திரும்பினாரோ இல்லையோ, சிவப்பு விளக்கு எரிந்து காதைக் கிழித்தது. பரணில் எதையாவது எடுக்க அந்த டின் மேல்தான் நான் ஏறி நிற்பது வழக்கம். அதில் மூடி நசுங்கி ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. உள்ளே மூன்று போன்களும் அந்த இடுக்கு வழியாக டவரைத் தேடித் தம் கட்டிக்கொண்டிருந்தன.

சித்தப்பா இரண்டடி பின்னால் போனார். "பாத்தீங்களா அண்ணி, டவரு பவரு பூரா அரிசில எறங்கிருக்குது. இத துன்னா பொண்ணு என்னாத்துக்கு ஆவும்?"

பழி அரிசி மேலேயே கிடந்தால் நான் போனை ஒளித்தது வெளியே தெரியாதே என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து நின்று சமைத்தவர், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுலதாங்க இன்னிக்கு ஒல வச்சேன்" என்று மெல்லச் சொன்னார். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மூடியைத் திறந்து, முழங்கை வரை விட்டு, அரிசி சிந்தச் சிந்த மூன்று போன்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன்.

அப்பா தன் போனை வாங்கித் துடைத்தபடி, காலையிலிருந்து இதைத் தேடிக்கொண்டிருந்ததாகச் சொன்னார். அந்த நேரத்தில் அது தேவையில்லாத தகவல்.

சித்தப்பாவின் முகம் மாறிவிட்டது. போனையே ஒளித்து வைக்கிற குடும்பம் இன்னும் எதையெல்லாம் ஒளிக்குமோ என்றார். நான் வாத்தியார் குரலை வரவழைத்துக்கொண்டு எல்லாவற்றையும் விளக்கினேன். சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஜன்னலில் போன்களை வைத்து அளக்கச் சொன்னேன், மீட்டர் அடங்கியது. மீட்டரின் சிவப்பு அதை விற்றவன் வைத்த சிவப்பு, வழிகாட்டு நெறியின் வரம்பு அதற்கும் எங்கோ மேலே இருக்கிறது என்றும் சொன்னேன். அவர் அசையவில்லை. கிளம்புவதற்குக் கைப்பையைத் தேட ஆரம்பித்தார். போச்சு, மூன்றாவதும் போச்சு என்று நினைத்தேன்.

அப்போது சரண்யாவின் அம்மாதான் வாயைத் திறந்தார். "ஏன் ஏழுமல, நம்ம வூட்ல இது எங்க ரொம்ப கத்துச்சு?"

சித்தப்பா தயங்கினார். "சரண்யா ரூம்ல அண்ணி."

"எப்ப?"

"ராத்திரி சாப்ட்டு முடிச்சப்புறம்."

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "அந்த ரூம்ல சிக்னலே கெடைக்காது தம்பி. அதுலயும் கதவ சாத்திக்கினு யார்கிட்ட பேசிக்கினு இருக்குதுன்னு நானும் பாத்துக்கினுதான் வர்றேன்."

நான் அரிசியைப் பொறுக்கக் குனிந்துகொண்டேன். தலைக்கு மேல் அவர் குரல் தொடர்ந்தது. "ரெண்டுத்தையும் ஒரே வூட்ல விட்டா ரெண்டு ஊர்லயும் கொறையும். ஜல்தியா ஒரு நாளப் பாரு ஏழுமல."

சித்தப்பா கையிலிருந்த மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். பிறகு மீட்டரை அணைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எங்கள் அம்மாவிடம் கேட்டார். "கை எங்கம்மா கழுவறது?"

அந்த ஒரு கேள்வியில் எனக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. அழுதுவிடுவேன் போலிருந்தது. அம்மா அழுதேவிட்டார். சித்தப்பா மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார், எல்லாம் அதே டின் அரிசிதான்.

டவர் இன்னும் மாடியில்தான் நிற்கிறது. எங்கள் மகள் அதன் நிழலில்தான் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுகிறாள். எங்கள் வீட்டில் எது காணாமல் போனாலும் முதலில் அரிசி டின்னைத்தான் திறந்து பார்ப்பார்கள். அது போகட்டும். சரண்யா எப்போதாவது வளவனூரில் தங்கப் போனால், இரண்டு நாளில் எனக்குச் சித்தப்பாவிடமிருந்து போன் வந்துவிடும்.

"மாப்ள, மீட்டரு மறுபடியும் கத்துது. வந்து கூட்டிக்கினு போங்க."