ஒயினுக்குள் மீன்

"இந்த ஒயின்ல மீன் இருக்கா?"

கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எதிரில் நின்றவர் நிதானத்தில் இருப்பவராகத்தான் தெரிந்தார்.

"மீன் வேணும்னா நாலு கடை தள்ளிப் போங்க. இங்க பாட்டில் மட்டும்தான்."

"வேண்டாம்னுதான்யா கேக்கிறேன். காலையில உங்ககிட்ட வாங்கிட்டுப் போன பாட்டில்ல மீன் இருக்கும்னு வீட்டுல சொல்றா."

கேட்டவர் ஓய்வுபெற்ற தபால்காரர். முப்பத்தைந்து வருடம் தெருத்தெருவாக நடந்தவர், சொந்த வாசற்படி ஈரத்தில் வழுக்கி விழுந்து முழங்காலை உடைத்துக்கொண்டார். கட்டைப் பிரித்த பிறகும் கால் மடங்க மறுத்தது. எட்டு வாரம் வீடு தேடி வந்து, மடக்கி நீட்டி, அதைத் திரும்பவும் ஒரு காலாக்கியவர் பிசியோதெரபி டாக்டரம்மா. வலி தாங்காமல் ஒருநாள் தபால்காரர், "நீங்க நல்லா இருப்பீங்களா?" என்று கத்திவிட்டார். "நான் நல்லாத்தான் இருக்கேன். நீங்க இன்னும் பத்து தடவை மடக்குங்க" என்று சிரித்தார் அந்த அம்மா.

கடைசி நாளன்று தபால்காரர் டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க இல்லேன்னா நான் கட்டிலே கதின்னு கிடந்திருப்பேன். உங்களுக்கு ஏதாவது செஞ்சாத்தான் எனக்கு மனசு ஆறும். என்ன வேணும், சொல்லுங்க."

டாக்டரம்மா வேண்டாம் என்றார். இவர் விடுவதாக இல்லை. அந்த அம்மா ஜன்னல் வழியே தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சரி, ஒரு பாட்டில் ஒயின். ஆனா நான் வீகன். கறி, மீன் மட்டுமில்ல, பால், முட்டை, தேன்கூடத் தொடமாட்டேன். ஒயினும் அப்படித்தான் இருக்கணும். நீங்களே பார்த்து வாங்கி, என் வீட்டுக்கு வந்து கையில கொடுக்கணும். ஆள் அனுப்பினீங்கன்னா திருப்பி அனுப்பிடுவேன்."

திராட்சைச் சாற்றில் ஆடும் மாடும் எங்கிருந்து வரும் என்று தபால்காரர் தைரியமாகத் தலையாட்டினார். இன்று காலை மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கி, கடைக்கு வந்து லட்சணமான ஒரு பாட்டிலை வாங்கிப் போனார். வீட்டில் மனைவி கைபேசியைத் தடவிப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்தினாள்.

"ஏங்க, ஒயினைத் தெளிய வைக்க சில பேரு மீனோட காத்துப்பையைப் போடுவாங்களாம்."

"யாரு போடுவா?"

"செய்யறவங்கதான். பின்ன, மீனே வந்தா போடும்?"

அவளுக்கு அடுப்பில் வேலை இருந்தது. அதனால் இந்த முறை தபால்காரர் தனியாகவே வந்திருந்தார்.

கதையைக் கேட்ட கடைக்காரருக்கே ஆர்வம் பிறந்துவிட்டது. அதே ரகப் பாட்டில் ஒன்றில் அச்சிட்டிருந்த எண்ணுக்குப் போன் போட்டு, இருவரும் கேட்கும்படி வைத்தார்.

"மீனா? சேச்சே!" என்றது மறுமுனை. "அந்தப் பக்கமே நாங்க போறதில்ல சார். முட்டை வெள்ளைக்கரு மட்டும்தான்."

கடைக்காரர் வேறொரு பாட்டிலை எடுத்து, அந்த எண்ணையும் அழைத்தார்.

"முட்டையா? மூச்! பால்ல இருந்து எடுத்த சத்து மட்டும்தான் போடறோம். சுத்தமா இருக்கும்."

கடைக்காரர் போனை வைத்துவிட்டு அலமாரிகளைச் சுற்றிப் பார்த்தார். "இத்தனை வருஷமா ஒயின் கடை வச்சிருக்கேன்னுதான் நினைச்சேன். பண்ணையில்ல வச்சிருக்கேன்! கீழ் அடுக்குல இன்னும் சிலது இருக்கு. எனக்கு இடுப்பு வளையாது. நீங்களே பாருங்க."

தபால்காரர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முகவரி தெரியாத கடிதத்தைப் படிப்பதுபோல் ஒவ்வொரு பாட்டிலாகத் திருப்பித் திருப்பிப் படித்தார். பதினோராவதில், 'தெளிய வைக்க எதுவும் சேர்க்கவில்லை' என்று எழுதியிருந்தது. புதையல் எடுத்தவர்போல் எழுந்தார்.

வீட்டில் மனைவி பாட்டிலை விளக்கு வெளிச்சத்தில் பிடித்தாள். அவள் கண்ணுக்கு எறும்பு எழுத்தும் தப்பாது.

"'கையால் தேன்மெழுகு முத்திரை இடப்பட்டது.' பாருங்க, பெருமையா வேற போட்டிருக்கான்."

"மெழுகு மூடியிலதானே இருக்கு? உள்ள இல்லையே!"

"தேனீ வீட்டைப் பிடுங்கிச் செஞ்சது. அந்த அம்மா கண்டுபிடிச்சா?"

கண்டுபிடிக்காமல் இருக்க மெழுகையே எடுத்துவிடலாம் என்று முடிவானது. கொதிக்கும் தண்ணீரில் பாட்டிலின் கழுத்தைக் கவிழ்த்தார்கள். மெழுகு உருகியது. கூடவே ஆவி பட்டு லேபிளும் கழன்று பாத்திரத்தில் மிதந்தது. மிச்ச மெழுகைத் தபால்காரர் கத்தியால் சுரண்ட, தக்கை 'பொளக்' என்று உள்ளே இறங்க, ஒயின் மேலே கிளம்பி அவருடைய வெள்ளைச் சட்டையில் அபிஷேகமாக விழுந்தது.

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள். "பார்க்கிறவங்க என்னைத்தான் தேடி வருவாங்க. புருஷனைக் குத்திட்டான்னு."

இருவரும் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. பிறகுதான் மணியைப் பார்த்தார்கள். ஐந்து. ஆறு மணிக்கு வருவதாக டாக்டரம்மாவிடம் சொல்லியாகிவிட்டது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒயினுக்குன்னே ஒரு கடை இருக்காம்" என்றாள் மனைவி. "ஆனா அவ்வளவு தூரம்..."

தபால்காரர் வேறு சட்டையில் பொத்தானைப் போட்டபடியே வாசலைத் தாண்டிவிட்டார்.

"ஏங்க, கைத்தடி!"

"இருக்கிற கை பாட்டிலுக்கே பத்தாது!"

பாலத்துக்கு அந்தப் பக்கக் கடையில் ஒரு பெண் இருந்தார். இவர் மூச்சு வாங்கக் கதை முழுவதையும் கொட்டியதை, சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். அதற்கே தபால்காரருக்குக் கும்பிடத் தோன்றியது.

"புது ஒயின் கலங்கலாத்தான் இருக்கும்" என்றார் அந்தப் பெண். "அதைச் சீக்கிரம் தெளிய வைக்கிறதுக்குத்தான் முட்டை, பால், மீன் எல்லாம். கலங்கலைப் பிடிச்சுக்கிட்டு அடியில போய் உட்கார்ந்துடும், மேல தெளிஞ்சதை இறுத்துக்குவாங்க. அதே வேலையை ஒரு வகைக் களிமண்ணும் செய்யும். இல்லைன்னா ஒண்ணும் போடாம காத்திருந்தாலும் தானா தெளியும்."

"அப்ப எதை நம்பி வாங்குறது?"

"சேர்த்ததை எல்லாரும் லேபிள்ல எழுத மாட்டாங்க. அதனால 'வீகன்'னு முத்திரை இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா செஞ்சவங்களையே கேளுங்க. இதோ, இது களிமண்ணுல தெளிஞ்சது. முத்திரை இருக்கு. மூடி திருகுற மூடி, மெழுகு கிடையாது. லேபிள் ஒட்டின பசையிலகூடப் பால் சத்து இல்லைன்னு நான் கேட்டுட்டேன்."

தபால்காரர் பாட்டிலை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "நீ மகராசியா இருக்கணும்மா."

வழியெல்லாம் டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டியதை ஒத்திகை பார்த்தார். 'இந்தக் கால் நீங்க போட்ட பிச்சை' என்று தொடங்கினார். பிச்சை என்றால் அந்த அம்மா திட்டுவார். 'உங்களை மறக்கமாட்டேன்.' அது பிரிவு உபசார விழாப் பேச்சு மாதிரி இருந்தது. வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் அனுப்பியதைத்தான் வீடு வீடாகக் கொடுத்திருக்கிறார். தானே அனுப்பி, தானே கொண்டுபோய்க் கொடுப்பது இதுதான் முதல் தடவை. நினைக்கும்போதே கண் கலங்கியது.

டாக்டரம்மா வீடு மூன்றாவது மாடியில். லிஃப்டில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. ஒயின் குலுங்கினால் கெட்டுவிடுமோ என்ற ஒரே கவலையில், பாட்டிலைக் கைக்குழந்தைபோல் அணைத்துக்கொண்டு படியேறி மணியை அடித்தார்.

கதவைத் திறந்தவர் டாக்டரம்மாவின் கணவர். கையில் வாணலி.

"வாங்க, வாங்க! உட்காருங்க. அவ சாப்பிட்டுக்கிட்டு இருக்கா. இன்னொரு ஆம்லெட் கேட்டா, அதான்."

"ஆம்லெட்டா?" தபால்காரருக்குக் குரல் கீச்சிட்டது. "முட்டை ஆம்லெட்டா?"

"ரெண்டு முட்டை. சீஸ் போட்டு."

தபால்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். கணவருக்குப் பின்னால் கண்ணாடி அலமாரி தெரிந்தது. அதில் ஏழெட்டு ஒயின் பாட்டில்கள். ஒன்றுகூடத் திறக்கப்படவில்லை. எல்லாவற்றிலும் 'வீகன்' முத்திரை.

கணவர் இவர் கையிலிருந்த பாட்டிலைப் பார்த்தார். இவர் காலைப் பார்த்தார். எட்டி மாடிப்படியைப் பார்த்தார். முகமெல்லாம் மலர, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"ஏம்மா, ஓடி வந்து பாரு! வீட்டுக்குள்ள நடப்பேன், செத்தாலும் தெருவுல கால் வைக்க மாட்டேன்னாரே உன் தபால்காரர், அவருக்கும் ஒயின் வைத்தியம் பலிச்சிருச்சு!"