பெட்டையாட்டுக்கும் டிக்கெட் உண்டாம்

அரும்பாவூர்

அன்புள்ள இளையபெருமாள் மாமாவுக்கு, உங்கள் அக்கா மகள் வினோதினி வணக்கத்துடன் எழுதுவது.

கையில் ஃபோன் இருக்கும்போது கடிதம் எழுதி உங்கள் நேரத்தைக் கெடுப்பதற்கு முதலில் மன்னித்துவிடுங்கள். ஃபோன் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். அவர் உட்கார்ந்தால் எனக்குப் பேச்சு வராது. இங்கே எல்லோரும் நலம். வெங்காயம் நன்றாக விளைந்திருக்கிறது. அத்தைக்கு முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பெரிய விஷயம் ஒன்றுமில்லை மாமா. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது அல்லவா, அது அப்பாவின் மனதில் உறைத்தது நான் டிகிரி சர்டிபிகேட் வாங்கப் போன அன்றுதான். கண்டக்டர் எனக்குச் சும்மா சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் கை நீட்டினார். "ஒரே வூட்டு ஆளு, ஒரே கம்பியப் புடிச்சிட்டு நிக்கிறோம். அவளுக்குச் சும்மா, எனக்குக் காசா? ஆம்பளையாப் பொறந்தது குத்தமாய்யா?" என்று அப்பா சத்தம் போட, கூடையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, "இத்தன நாளு அது குத்தமில்லாம இருந்துச்சுல்ல, பஸ்ஸுல மட்டும் கொஞ்சம் குத்தமா இருந்துட்டுப் போவட்டும்" என்றார். பஸ்ஸே சிரித்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றிலிருந்து வீட்டில் சட்டம் மாறிவிட்டது. தெருமுனைக் கடைக்குக்கூடத் துணையோடு போகச் சொன்ன அப்பா, இப்போது வெளிவேலை எல்லாவற்றுக்கும் என்னைத்தான் அனுப்புகிறார். தம்பி அழகேசன் போனால் பைக்குக்குப் பெட்ரோல், பஸ்ஸுக்கு டிக்கெட். அதனால் அவன் வீட்டில் அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுக்கிறான், குழம்பும் வைக்கிறான், என் குழம்பைவிட நன்றாகவே இருக்கிறது. நான் எரிந்துபோன கிணற்று மோட்டாரை மடியில் வைத்துக்கொண்டு, காயில் கட்டி வாங்கப் பெரம்பலூருக்குப் போகிறேன். கரண்ட் ஆபீசில் சண்டை போடுகிறேன், அதாவது அவர்கள் பதில் சொல்லும்வரை பேசாமல் நிற்கிறேன். பூலாம்பாடியில் ஒரு சாவு விழுந்தது, மாலையோடு நான்தான் போனேன். அங்கே ஒரு பெரியவர், "ஏம்மா, வூட்ல ஆம்பளைங்க யாரும் வரலையா?" என்று கேட்க, எனக்கு நாக்குக் குழறி, "அவங்களுக்கு டிக்கெட்டுங்க" என்று சொல்லிவிட்டேன். அவர் மாலையை வாங்கிக்கொண்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

போன மாதம் ஆட்டைக் கொண்டுபோய் மாட்டாஸ்பத்திரியில் ஊசி போடச் சொன்னார். ஆட்டுக்கு லக்கேஜ் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்து அனுப்பினார். கண்டக்டர் கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டு, "இது பெட்டையாடுங்க சார்" என்றேன். "அப்படியா! ஆதார் கார்டு வச்சிருக்கா?" என்றார் அவர். காசு கொடுத்தேன். வீட்டுக்கு வந்ததும் அப்பா, "பாத்தியா, இதுல என்ன சமத்துவம் இருக்கு?" என்று ஆட்டின் சார்பாக ரொம்ப நேரம் வருத்தப்பட்டார்.

எனக்கு இதெல்லாம் பிடித்திருக்கிறது மாமா. உண்மையாகவே சொல்கிறேன். எந்த ஊரில் இறங்கி எதில் மாறினால் காசில்லாமல் அரியலூர் வரை போகலாம் என்று அப்பாவுக்கு அத்துப்படி. அப்படி ஸ்பிரேயர் ரிப்பேருக்கு உங்கள் அரியலூருக்கு வந்த அன்று, கையோடு ஒரு சிமெண்ட் கம்பெனி லேப் இன்டர்வியூவுக்கும் போய்விட்டு வந்தேன். "இது என்னம்மா?" என்றார் அங்கிருந்த சார். "மருந்தடிக்கிற மெஷின் சார்" என்றேன். அதற்கு மேல் கெமிஸ்ட்ரி மட்டும்தான் கேட்டார்.

வேலை கிடைத்துவிட்டது. அப்பாவிடம் சொன்னேன். "பொட்டப்புள்ள தனியா அரியலூர் வரைக்குமா? காலம் கெட்டுக் கெடக்கு, ஊரு என்னா பேசும்?" என்றார். அப்புறம் ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு, "அது கெடக்கட்டும், நாளைக்கு அரியலூரு போயி அந்த ஸ்பிரேயருக்கு வாஷர் வாங்கிட்டு வந்துரு" என்றார். வாங்கிக்கொண்டு வந்தேன். ஊர் ஒன்றும் பேசவில்லை.

அதனால் எனக்கு ஒரு குறையும் இல்லை மாமா. வேலைக்குப் போகவில்லையே என்ற வருத்தமும் இல்லை. உங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்றுமில்லை. அத்தைக்கு என் அன்பு. வெயிலில் அலையாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள
வினோதினி

பின்குறிப்பு: வருத்தம் இருக்கிறது மாமா. கேட்க வேண்டியதும் இருக்கிறது. வருகிற திங்கட்கிழமை காலையில் வேலையில் வந்து சேரச் சொல்லிக் கம்பெனியில் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஃபோன் செய்து, "மச்சான், வூட்ல வெங்காயம் இல்ல, காலையில கொஞ்சம் குடுத்து வுடுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். யாரை அனுப்புவார் என்பது உங்களுக்கே தெரியும். திரும்பி வர சாயங்காலம்வரை பஸ் இல்லை என்று நான் சொல்லிக்கொள்கிறேன். இனிமேல் ஞாயிறு தவிர எல்லா நாளும் உங்கள் வீட்டுக்கு வெங்காயம் தேவைப்படும் என்பதை அத்தையிடமும் இப்போதே சொல்லிவையுங்கள்.