திறந்தே இருந்த வாய்

ஒழுங்காகத் திறக்கிற வரைக்கும் வாய் என்று ஒன்று இருப்பதே நமக்கு நினைவில் இருக்காது. அது இறுக ஆரம்பித்த பிறகுதான், எத்தனை காரியத்துக்கு அதை நம்பியிருந்தோம் என்று புரியும்.

இடஒதுக்கீடு கேட்டு எங்கள் பக்கமெல்லாம் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டுக்கொண்டிருந்த வருஷங்கள். நான் நைனார்பாளையத்திலிருந்து மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர் டிரைவர். வரிசையில் காத்திருக்கும் நேரமெல்லாம் நானும் இன்னொரு டிரைவர் ஏழுமலையும் பாக்குப் பொட்டலத்தைக் கிழித்துக் கிழித்து வாயில் கொட்டிக்கொள்வோம். கொஞ்ச மாதத்தில் குழம்பு பட்டாலே வாய் எரிந்தது. (மிளகாய் ஜாஸ்தி என்று அம்மாவிடம் சண்டை. மிளகாயே போடாத குழம்புக்கும் சண்டை.) பிறகு வாய் இறுகியது. இட்லியை நசுக்கித் தட்டையாக்கித்தான் உள்ளே தள்ள முடிந்தது. கடைவாய்ப்பல் முளைக்கிறது, நாமும் பெரிய மனுஷனாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நிலையில்தான் எனக்கு நிச்சயதார்த்தம். பெண் செல்வி, ஆலைத் தொழிலாளி ஒருவரின் மகள். பஸ் ஓடாததால் அம்மாவும் மாமாவும் நானும் டிராக்டரிலேயே போய் இறங்கினோம். தட்டு மாற்றுவதற்கு முன் பெண்ணின் அத்தை ஒரு முழு லட்டை என் வாய்க்கு நேரே நீட்டினார்.

"நல்லா வாய தொறங்க மாப்ள."

"தொறந்துதாங்க இருக்குது."

நான் வெட்கப்படுவதாக நினைத்து அத்தை அழுத்தினார். லட்டு உடைந்து பாதி மீசையில் ஒட்டியது, பாதி புதுச்சட்டைப் பைக்குள் போனது. எல்லோரும் சிரித்தார்கள். செல்வியின் அப்பா சிரிக்கவில்லை.

"இன்னாங்க இது? வலிப்பு கிலிப்பு எதுனா இருக்குதா?"

"சேச்சே," என்றார் மாமா. "சின்ன வயசுலேர்ந்தே அடக்கமான புள்ளைங்க."

"அடக்கம்னா வாய் தொறக்காதா? டாக்டராண்ட காட்டிக்கினு வாங்க. அப்பறம் பேசிக்கலாம்."

தட்டுகள் உள்ளே போய்விட்டன. கதவோரம் நின்ற செல்வி ஒருமுறை என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடத் தேவலை. பரிதாபமாகப் பார்த்தாள்.

திரும்பும்போது வழியில் புளியமரத்தைக் குறுக்கே போட்டு மறித்திருந்தார்கள். கோஷம் போட்டால்தான் வழி. நானும் கையை உயர்த்திக் கத்தினேன். "ஊ" என்றுதான் வந்தது.

"இன்னாடா, நக்கலா?" என்று ஒருவன் சட்டையைப் பிடித்தான்.

அம்மா இறங்கி ஓடிவந்தாள். "வுட்ருப்பா, எம் புள்ளைக்கு வாய் வராதுப்பா!" என்று அழுதாள்.

அவன் உடனே கையை எடுத்துவிட்டான். நாலு பேர் சேர்ந்து கிளையை இழுத்து வழிவிட்டார்கள். அம்மா சொன்னது பொய்யில்லை என்பது வண்டி நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

கள்ளக்குறிச்சியில் பல் டாக்டர் என் கன்னத்தின் உள்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். "வாயோட உள்தோலுக்கு அடியில நார் பின்ற செல்லுங்க இருக்கு. மேல இருக்கிற தோலு மெத்துனு இருக்கணுமா, கெட்டியா இருக்கணுமான்னு அதுங்க கையிலதான் இருக்கு. பாக்கு அதுங்கள உசுப்பி வுட்டுடுச்சு. அளவில்லாம பின்னிக்கினே இருக்குதுங்க. அதான் தோலு அட்டை மாதிரி ஆயிட்டுது."

"நிறுத்தச் சொல்லுங்க சார்."

"மொதல்ல நீ பாக்கு போடறத நிறுத்து."

நிறுத்தினேன். கன்னத்தில் ஊசி போட்டார்கள். பல்லுக்கு நடுவே ஐஸ்குச்சிகளை அடுக்கி அடுக்கி வாயைப் பிரிக்கப் பழகினேன். பாதி வாய் திரும்பக் கிடைத்தது. அதற்குள் செல்விக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது. ஏழுமலை நிறுத்தவில்லை. கன்னத்தில் வந்த புண் அவனுக்கு ஆறவே இல்லை. கடைசியில் தண்ணீர்கூட இறங்காமல் போய்ச் சேர்ந்தான்.

பிறகு எனக்கும் கல்யாணம் ஆனது. என் கதை எனக்கு முன்னாலேயே எல்லா வீட்டுக்கும் போய்விடும். போன வருஷம் மகள் கல்யாணத்தில், சம்பந்தி வீட்டார் எனக்கென்று தனியாக டம்ளரில் பாயசம் ஊற்றி, அதில் ஒரு ஸ்ட்ராவும் போட்டுக் கொண்டுவந்து வைத்தார்கள். பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்த சம்பந்தியின் முகம் வாடியது. என் மனைவிதான் ஓடிப்போய், "கோச்சிக்கல சம்பந்தி, அவரு சிரிச்சிக்கினுதான் இருக்காரு" என்று எடுத்துச் சொல்ல வேண்டியிருந்தது.