நோரீன் அத்தையின் கம்பளிச் சட்டையில் மாட்டிய மைக்

ரேவன்பெக்,
செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய நோரீன் அத்தைக்கு,

டொமினிக் எழுதுவது. நான் இங்கே சுகம். விட்பியில் நீங்களும் வில்ஃப் மாமாவும் நாயும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடற்காற்று உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொண்டதா? கேரவனின் கூரை ஒழுகுவது நின்றதா? கடிதம் என்றால் முதலில் இதையெல்லாம் கேட்க வேண்டும் என்று எனக்கு எட்டு வயதில் சொல்லிக்கொடுத்தது நீங்கள்தான். கேட்டுவிட்டேன். இனி விஷயம்.

உங்களுக்குப் பதினொரு முறை போன் செய்தேன். ஒரே ஒரு தடவை மாமா எடுத்து, "அத்தை இல்லடா, அப்படின்னு சொல்லச் சொல்றா" என்று சொல்லி வைத்துவிட்டார். அதனால்தான் இந்தக் கடிதம். இத்துடன் ஒரு படிவம் இருக்கிறது. அதன் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கிறேன், அங்கே நீங்களும் மாமாவும் கையெழுத்துப் போட்டுத் தபால்தலை ஒட்டிய உறையில் வைத்து அனுப்பவும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அது வரவில்லை என்றால் நம் படத்துக்குக் கடைசிக் காட்சி கிடையாது. கடைசிக் காட்சி இல்லாத படத்தைக் கிறிஸ்துமஸுக்கு எந்தத் தொலைக்காட்சியும் போடாது. ஒலிப்பதிவுக்கு நான் தலைமை ஏற்ற முதல் படம் இது என்பதையும் சொல்லி வைக்கிறேன், கெஞ்சுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் குரலை நாங்கள் பயன்படுத்த நீங்கள் சம்மதிப்பதாகப் படிவம் சொல்கிறது. எந்தக் குரல் என்று கேட்பீர்கள். அங்கேதான் சிக்கல்.

இருபத்திரண்டு வருஷமாக ஹெஸ்டர்-ஆம்ப்ரோஸ் வாசகர் சங்கத்துக்கு நீங்கள் செயலாளர். ஹெஸ்டரும் ஆம்ப்ரோஸும் வாழ்ந்த, இப்போது நாங்கள் அவர்களைப் பற்றிப் படமெடுக்கும் அந்தக் கல்வீட்டைப் பார்க்க வரும் ஒவ்வொரு கூட்டத்திடமும் அடுப்பங்கரை வாசலில் நின்று நீங்கள் சொல்வது எனக்கு மனப்பாடம். "இங்கதான் ஒரு நாவலாசிரியையும் ஒரு கவிஞரும் முப்பத்தோரு வருஷம் குடித்தனம் பண்ணினாங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, இந்த வீட்டுல குரல் உயர்ந்ததில்லை." சுவர் இரண்டடி கனம், உயர்ந்திருந்தாலும் தெருவுக்குக் கேட்டிருக்காது என்று நான் கணக்குச் சொன்னதற்குத்தான் போன ஈஸ்டர் விருந்தில் எனக்கு மட்டும் இரண்டு உருளைக்கிழங்கு குறைந்தது. அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் கதைவசனம் எழுதியவர் சுவரைப் பற்றி யோசித்திருக்கிறார். கடைசிக் காட்சியில் ஆம்ப்ரோஸின் கவிதைத் தாளைக் கிழித்து ஹெஸ்டர் அடுப்புப் பற்றவைக்கிறாள், அவன் கத்துகிறான், அவள் தட்டை எறிகிறாள். கேமரா உள்ளேயே போகாது. மூடிய கதவுக்கு வெளியே, தபாலைக் கையில் வைத்துக்கொண்டு தட்டலாமா வேண்டாமா என்று நிற்கும் தபால்காரரின் முகத்தில்தான் நிற்கும். அந்தச் சண்டை சத்தமாக மட்டும் வரும். அதாவது என் பொறுப்பில் வரும்.

நம் இரண்டு நடிகர்களாலும் சண்டை போட முடியவில்லை, அத்தை. உச்சரிப்பெல்லாம் சுத்தம். ஆனால் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருக்கிறார். சண்டையில் யாராவது காத்திருப்பார்களா? இதை நான் ஆம்ப்ரோஸாக நடிப்பவரிடம் நேராகவே சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, "நான் நாடக மேடையிலிருந்து வந்தவன்" என்றார். "அதுதான் கோளாறு" என்றேன். அதன்பிறகு அவர் என்னிடம் பேசுவதில்லை. பதினேழு முறை எடுத்தோம். நாலாவதில் ஆடு கத்தியது, ஒன்பதாவதில் ஹெலிகாப்டர் வந்தது, பன்னிரண்டாவது நன்றாக வந்துகொண்டிருந்தபோது எறிந்த தட்டு உடையாமல் கதவின் அடி இடுக்கு வழியே சறுக்கி வந்து தபால்காரர் காலடியில் நின்றது, அவரும் எடுத்துத் துடைத்து "இந்தாங்கம்மா" என்று கதவைத் திறந்து உள்ளே கொடுத்துவிட்டார், அவர் நிஜமாகவே நம் ஊர்த் தபால்காரர் என்பதால் கையில் வந்ததை உரிய இடத்தில் சேர்க்காமல் அவரால் இருக்க முடியவில்லை.

பதினேழாவதன்போதுதான் நீங்களும் மாமாவும் வந்தீர்கள். படத்துக்கு முன்னால் இரண்டு நிமிஷம் சங்கத்தின் சார்பில் பேசுவதற்காக உங்களை வரச்சொல்லியிருந்தோம். கம்பளிச் சட்டைக்குள் கம்பியில்லா மைக்கை மாட்டி, அதன் பெட்டியை இடுப்பில் செருகிவிட்டது நான்தான். நீங்களும் "கூசுதுடா" என்றபடி நின்றீர்கள். அப்போது உள்ளே தட்டு உடைந்தது. அடுத்து நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் என்னிடம் பதிவு இருக்கிறது. "ஹெஸ்டரா? தட்டையா? எங்க ஹெஸ்டரா?" என்று நீங்கள் இயக்குநர் ஃபிலிப்பாவைக் கேட்டீர்கள். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் மாமா மூலையில் டீ குடித்தபடியே, "எறிஞ்சிருந்தா என்ன நோரீன், பொம்பளைக்குக் கை இருக்கு, தட்டு இருக்கு" என்றார். நீங்கள் கைப்பையை எடுத்தீர்கள். மாமா கோப்பையை வைத்தார். இருவரும் வெளியேறினீர்கள்.

இப்போது என் தவறு. ஒவ்வொரு இடத்திலும் படப்பிடிப்பு முடிந்ததும் அரை நிமிஷம் அந்த அறையின் மௌனத்தைப் பதிவு செய்வோம். ஒவ்வொரு அறைக்கும் ஒரு மௌனம் உண்டு, வெட்டிய வசனங்களுக்கு நடுவே ஒட்டுப்போட அது வேண்டும். அதுவரை யாரும் அசையக்கூடாது, மூச்சுக்கூட மெதுவாகத்தான். அது நான் போட்ட சட்டம். நீங்கள் போனதும் "மௌனம் எடுக்கிறேன், யாரும் ஆடாதீங்க" என்று அறிவித்து மொத்தமாகப் பதிவை ஓட்டினேன். உங்கள் மைக்கின் சேனல் திறந்தே இருந்ததைப் பார்க்கவில்லை. முப்பது பேர் கல்லாக நிற்கிறார்கள். என் காதிலும் ஃபிலிப்பாவின் காதிலும் ஹெட்ஃபோன். அதில் நீங்கள்.

"ஊருக்கு முன்னாடி என்னை விட்டுக்கொடுத்துட்டியே வில்ஃப்!"

"நான் தட்டைப் பத்தித்தானே சொன்னேன்."

"நீ எப்பவும் தட்டைப் பத்தித்தான் சொல்லுவே! உன் தங்கச்சி கல்யாணத்துலயும்..."

"அதை ஆரம்பிக்காதே."

"...கேக் வெட்டுற நேரத்துல யாரு ரேடியோவுல குதிரைப் பந்தயம் கேட்கப் போனது?"

"கேரவன் சாவியைத் தொலைச்சது யாரு? அதைச் சொல்லு!"

"அது உன் கோட்டுல இருந்தது!"

"என் கோட்டுல வெச்சது யாரு!"

கதவிலிருந்து கார் வரைக்கும் ஒருவர் முடிக்க ஒருவர் காத்திருக்கவில்லை. ஒருவர் பேச்சின்மேல் ஒருவர் ஏறி, இறங்கி, மூச்சுவிடும் இடத்தில் எல்லாம் மற்றவர் நுழைந்து, ஒரு சொல்கூட வீணாகாமல். என்னால் நிறுத்த முடியவில்லை, ஏனென்றால் அசையக்கூடாது என்று சொன்னவனே நான். ஃபிலிப்பாவைப் பார்த்தேன். அவள் கன்னத்தில் கண்ணீர். அரை நிமிஷம் முடிந்ததும் விசையை நோக்கிப் போன என் கையைப் பிடித்துக்கொண்டு, "நிறுத்தினே, கொன்னுடுவேன். இதுதான் நாப்பது வருஷக் காதல்" என்றாள்.

அத்தோடு நீங்கள் காரில் போயிருந்தால் இருநூறு அடி தாண்டியதும் மைக்கின் ரேடியோ அலை அறுந்திருக்கும். ஆனால் சாப்பாட்டு வேன் உங்கள் காருக்குக் குறுக்கே நின்றது. கோபித்துக்கொண்டு வெளியேறியவர் திரும்பி வந்து "கொஞ்சம் வேனை நகர்த்த முடியுமா" என்று கேட்பது முறையில்லை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். நீங்கள் சமாதானமாகத் திரும்பி வரத்தான் காத்திருக்கிறீர்கள், அவசரப்படுத்துவது முறையில்லை என்று நாங்கள் நினைத்தோம். வேன்காரப் பெண்மணியோ, காரில் உட்கார்ந்திருப்பவர்களைக் கிளப்புவது முறையில்லை என்று டீயும் பிஸ்கட்டும் கொண்டுபோய்க் கொடுத்தார். "ரொம்ப நன்றிம்மா, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்று நீங்கள் சொன்னதும் பதிவாகியிருக்கிறது. இப்படி ஆளுக்கு ஆள் மரியாதை காட்டிக்கொண்டு நாற்பது நிமிஷம் போயிற்று. யாராவது ஒருவர் மரியாதையில்லாமல் நடந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இருந்திருக்காது.

உங்களுக்குத் தெரியாமல் பதிவு செய்தது தவறு. மன்னிப்புக் கேட்கிறேன். கேட்டாயிற்று. வேண்டுவது இதுதான்: கதவுக்குப் பின்னால் ஹெஸ்டரும் ஆம்ப்ரோஸும் போடும் சண்டையாக உங்கள் சண்டை இருக்க வேண்டும். கதவின் வழியே கேட்பதுபோல மங்கவைத்துவிடுவேன், குதிரைப் பந்தயம் புரியாது, கேரவன் புரியாது, ஏற்ற இறக்கம் மட்டும் நிற்கும். இந்த வீட்டில் குரல் உயர்ந்ததேயில்லை என்று சொல்லும் நீங்களே அந்த உயர்ந்த குரலாக இருக்க வேண்டும் என்று கேட்பது எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரிகிறது. ஆனால் உங்கள் பதிவை மூன்று முறை கேட்டேன், அத்தை. குரல் உயர்வதனால் குறைந்துபோன எதையும் அதில் நான் கேட்கவில்லை. மாமா போட்டுவிட்டார் என்று சொல்லி உங்களிடமும், நீங்கள் போட்டுவிட்டீர்கள் என்று சொல்லி மாமாவிடமும் கையெழுத்து வாங்கச் சிலர் யோசனை சொன்னார்கள். நான் மறுத்துவிட்டேன்.

மாமாவுக்கு என் வணக்கம். நாய்க்குத் தடவல். கடவுள் உங்கள் முழங்காலைக் காப்பாராக. மைக்கும் பெட்டியும் இன்னும் உங்கள் சட்டையில்தான் இருக்கின்றன, துவைக்கப் போட்டுவிட வேண்டாம்.

அன்புள்ள தம்பி மகன்,
டொமினிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது ஃபிலிப்பா ஓடிவந்தாள். மேலே எழுதியது எதுவும் இனி தேவையில்லை. சண்டையும் வேண்டாம், தட்டும் வேண்டாமாம், வெட்டியாயிற்று. டீக்குப் பிறகு ஒன்றும் இருக்காது என்று நான் கேட்காமல் விட்ட பகுதியை அவள் உட்கார்ந்து கேட்டிருக்கிறாள். முப்பத்திரண்டாவது நிமிஷம். சாண்ட்விச் பொட்டலம் பிரிக்கும் சத்தம். பிறகு நீங்கள்:

"என் பாதியையும் நீயே தின்னு. உனக்குத்தான் அந்த ஊறுகாய் உசிரு."

"எனக்கு ஊறுகாயே பிடிக்காது நோரீன்."

"என்னது? நாப்பத்தோரு வருஷமா தின்னியே!"

"நீ வெச்சிருந்தியே."

அதன்பிறகு முப்பத்தைந்து விநாடி யாரும் பேசவில்லை. தபால்காரர் கதவுக்கு வெளியே நின்று கேட்கப்போவது இந்த நாலு வரியும் அந்த முப்பத்தைந்து விநாடியும்தான். காருக்குள் எடுத்த மௌனம் கல்வீட்டுக்கு ஒட்டாது என்று நான் வாதாடிப் பார்த்தேன், தோற்றேன். ஆக, படிவம் அதேதான், அதே பெருக்கல் குறி, வெள்ளிக்கிழமை மதியம். ஆம்ப்ரோஸுக்கு ஊறுகாய் பிடிக்குமா என்று சங்கத்துக் குறிப்பேட்டில் பார்த்துப் படிவத்தின் ஓரத்தில் எழுதவும்.

அந்த மௌனத்தின் நடுவில் கம்பளியில் ஏதோ உரசும் சத்தம் இருக்கிறது, யாரோ கையை நகர்த்தியதுபோல. பதிவில் அது அழுக்கு, சுத்தம் பண்ணிவிடு என்றார்கள். அந்த வேலையை நான் செய்வதாக இல்லை.