இடது கையால் எழுதிய பெட்டிஷன்

எனக்கு வீரம் உண்டு. ஆனால் அது கடுதாசியோடு நின்றுவிடும். ஆளை நேரில் பார்த்தால் தொண்டைக்குக் கீழே இறங்கிவிடும். இதை இருபத்திரண்டு வயதில், திருப்பூர் ராயபுரத்தில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தபோது தெரிந்துகொண்டேன்.

அங்கே துணியை அழுத்தித் தேய்க்க, இரண்டு சூடான உருளைகள் கொண்ட காலண்டர் மிஷின் ஒன்று இருந்தது. கை உள்ளே போகாமலிருக்க அதற்குத் தடுப்புக் கம்பி இருக்க வேண்டும். இல்லை. என் சிநேகிதி தெய்வானையின் இரண்டு விரல் நுனிகள் அதில் போயின. அடுத்த வாரம் சோதனைக்கு வந்த ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் மிஷின் பக்கம் திரும்பக்கூட இல்லை. மச்சினனுக்கு ஒரு சைஸ், மாமனாருக்கு ஒரு சைஸ் என்று இரண்டு டஜன் பனியன் வாங்கிக்கொண்டு, ‘எல்லாம் சரி’ என்று எழுதிவிட்டுப் போனார். கட்டுப் பிரித்ததும் தெய்வானை அதே மிஷினுக்குத்தானே திரும்ப வேண்டும்?

மெட்ராஸில் லஞ்சப் புகார் வாங்கவென்றே ஒரு ஆபீஸ் இருப்பதாகப் பேப்பரில் படித்திருந்தேன். பேர் போடாமல் ஒரு பெட்டிஷன் எழுதினேன். கையெழுத்து தெரியக் கூடாதென்று இடது கையால் எழுதினேன். திருப்பூர் முத்திரை விழக் கூடாதென்று பஸ் ஏறி அவிநாசி போய்த் தபாலில் போட்டேன். (துப்பறியும் கதைகளை அதிகம் படித்தால் இப்படித்தான்.)

ஒரே ஒரு பிசகு. செக்கிங்கில் ஒரு டஜன் பார்த்து முடித்ததும், பெட்டியை மூடுமுன் அவரவர் நம்பர் குத்திய துண்டுச் சீட்டை உள்ளே போட வேண்டும். நாளெல்லாம் இதே வேலை. மடியில் எந்நேரமும் சீட்டு இருக்கும். பெட்டிஷனை உறையில் வைத்து ஒட்டுமுன் என் கை பாட்டுக்கு மடிக்குப் போய் வந்திருக்கிறது. பாவி எனக்கு அது தெரியவே தெரியாது.

இருபது நாள் கழித்து மெட்ராஸிலிருந்து ஓர் அதிகாரி வந்து முதலாளியின் ரூமில் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் என் பெட்டிஷன். அதன்மேல் ‘17’ என்ற சீட்டு.

“பதினேழு நீதான அம்மிணி?” என்றார் முதலாளி, ரொம்ப அமைதியாக.

“சீட்டு என்னுதுதானுங்க. ஆனா எனக்கு எழுதப் படிக்கவே தெரியாதுங்களே” என்றேன். எட்டாவது படித்தவள், அதுவும் வகுப்பில் முதல்.

அதிகாரி அதை அப்படியே எழுதிக்கொண்டு மைப் பெட்டியை நகர்த்தினார். கைநாட்டு வைத்தேன். அப்பாடா என்றிருந்தது.

“எழுதினவங்க யாருன்னே தெரியலைன்னா நடவடிக்கை எடுக்க முடியாது. ஃபைலை மூடிடறேன்” என்று அவர் எழுந்தார்.

ஜன்னல் வழியே தெய்வானை தெரிந்தாள். அன்றுதான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, அதே உருளைக்குள் துணியை விட்டுக்கொண்டிருந்தாள்.

“இருங்க சார். நான்தான் எழுதினேனுங்க.”

“இப்பதானே எழுதத் தெரியாதுன்னு கைநாட்டு வெச்சீங்க?”

“அது பயத்துலீங்க. பேனா குடுங்க, எழுதிக் காட்டறேன்.”

காட்டினேன். வலது கையால் எழுதியதால் எழுத்து ஒத்துப்போகவில்லை. மறுபடி இடது கையால் எழுதச் சொன்னார். அதற்குள் முதலாளி மூன்று தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டார். கைநாட்டும் அதன் கீழே கையெழுத்தும் உள்ள வாக்குமூலம் அந்த ஆபீஸில் என்னுடையது ஒன்றுதான் இருக்கும்.

பத்து நாளில் மிஷினுக்குத் தடுப்புக் கம்பி வந்தது. இன்ஸ்பெக்டருக்கு வேறு ஊர் கிடைத்தது. எனக்கு வேலை போனது. (முதலாளி மரியாதைக்காரர். “போய்ட்டு வாங்க அம்மிணி” என்றுதான் அனுப்பினார்.)

சேதி எனக்கு முன்னால் ஊரைச் சுற்றிவிட்டது. எழுதத் தெரிந்த பொம்பளைகளே வேண்டாம் என்று மற்ற முதலாளிகள் முடிவு கட்டியிருந்தார்கள். மூன்று கம்பெனியில் திருப்பி அனுப்பினார்கள். நான்காவதில் பேரை மாற்றிச் சொல்லி, “படிப்பே இல்லீங்க” என்றேன். உடனே எடுத்துக்கொண்டார்கள். அங்கே பதினோரு வருஷம் கைநாட்டு வைத்துத்தான் சம்பளம் வாங்கினேன்.

இப்போதும் நான் பேப்பரை விரித்து வாய்விட்டுப் படித்தால், என் வீட்டுக்காரர் வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, “மெதுவாப் படி, மொதலாளி காதுல உழுந்துரப் போகுது” என்பார்.